நான்காவது கணினி

ஒபுங்காவில் எங்கள் இணைய நிலையம்
ஒரு பழைய சரக்குப் பெட்டி.
கப்பலில் எதை ஏற்றி வந்ததோ,
இப்போது அதற்குள் ஆறு கணினிகள்.
ஆளுக்கு இருபது நிமிடம்.
பெயரெழுதும் நோட்டு என் கையில்.
மின்சார டோக்கன் தீர்ந்தால்
யாருடைய நிமிடமும் யாருக்கும் இல்லை.

நான்காவது கணினியில்
'ஓ' விசை செத்துக் கிடந்தது.
வேறு ஊரென்றால் சமாளிக்கலாம்.
இங்கே லுவோ ஆண்பிள்ளைகளின் பெயர்
அதில்தான் தொடங்குகிறது:
மழையில் பிறந்தவன் ஒகோத்,
விடிகாலையில் பிறந்தவன் ஒகினி,
வழியிலேயே பிறந்துவிட்டவன் ஒயோ.
ஒயோவுக்கு அந்த எழுத்து மூன்று முறை வேண்டும்.
எடுத்துவிட்டால் நடுவில் ஒற்றை எழுத்து
அநாதையாய் நிற்கும்.
"பெண்களுக்கு 'அ'. அந்த விசை நன்றாக இருக்கிறது"
என்று அடோங்கோ பல்லைக் காட்டினாள்.

ஒயோ பூஜ்யத்தை அழுத்தினான்.
மூன்று பூஜ்யம்.
திரையில் பார்த்தேன், நான்கூட ஏமாந்தேன்.

வேலை கிடைத்தது.
எங்கோ பனி பெய்யும் தெருக்களின் படங்களில்
நாய், சைக்கிள், குழந்தை என்று
கட்டம் போட்டுத் தரும் வேலை.
அவன் பனி பார்த்ததில்லை.
குழந்தையைச் சரியாகக் கண்டுபிடித்தான்.

மாதக் கடைசியில் கைப்பேசிக்குப் பணம் வரவில்லை.
பெயர் பொருந்தவில்லை, என்றது.
அடையாள அட்டையில் எழுத்து,
ஒப்பந்தத்தில் எண்.
மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒரே வட்டம்.

பத்தொன்பது நாள்.
எழுதிய கடிதங்களுக்கெல்லாம்
ஒரு எந்திரம் நன்றி சொன்னது.
அவன் அம்மா எண்ணெயைக் கடனுக்கு வாங்கினாள்:
ஆலை சதையை வெட்டிக்கொண்டு தள்ளும்
மீன் எலும்புக்கூட்டைப் பொரித்து விற்பவள்.
முள்ளிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்,
அதைத்தான் ஊரே தின்கிறது.

இருபதாம் நாள் யாரோ ஒரு மனிதர்
கடிதத்தைப் படித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை கிபுயே சந்தையில்
உடைந்த விசைப்பலகை ஒன்றிலிருந்து
'ஓ'வைப் பிடுங்கிக்கொண்டு வந்தான்.
முப்பது ஷில்லிங்.
வேறு கம்பெனி, வேறு அளவு.
பசை வைத்து ஒட்டினோம்.
மற்ற எழுத்துகளைவிட
ஒரு நெல் உயரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.
தட்டும்போதெல்லாம் விரல் இடறுகிறது.

இன்று காலை வரிசையில் பதினான்கு பேர்.
ஒகினி உட்கார்ந்தான், இடறினான்,
நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
நேரம் ஓடுது, தட்டு, என்றேன்.