சதுர கிலோமீட்டருக்கு

பயிற்சியில் சொன்னது எளிது.
ஆட்களைப் பரப்பால் வகுத்தால் அடர்த்தி.
ஐந்தாம் வகுப்புக்கு நான் நடத்துகிற கணக்குதான்.
மீதி வந்தால் விட்டுவிடலாம் என்றார்
தாலுகா ஆபீஸ்காரர், டீயை ஆற்றியபடி.

என் பகுதிக்கு ஒரு வரைபடம் தந்தார்கள்.
முக்கால்வாசி வெள்ளை.
அந்த வெள்ளைக்குள் ஸ்கூட்டர் ஓட்டிப் பார்த்தேன்:
உடைமரம், உப்புப் பாத்தி, மறுபடி உடைமரம்,
தன் நிழலில் தானே ஒதுங்கி நிற்கிற
ஒரு பஸ் ஸ்டாப் பலகை.
வேலிக்குள் சூரியத் தகடுகள்,
ஒன்றின் மேல் ஒன்றின் நிழல் விழாதபடி
இடம் விட்டு, மரியாதையாக.

அந்த மரியாதை என் அக்காவுக்குப்
புளியந்தோப்பில் இல்லை.
அவள் சுவரில் ஆணி அடித்தால்
பக்கத்து வீட்டில் காலண்டர் மாட்டிக்கொள்ளலாம்.
"அங்கதான் அவ்வளவு இடம் கெடக்கே" என்பாள் போனில்,
குக்கர் விசிலுக்கு மேலே குரலை உயர்த்தி.
கிடக்கிறது அக்கா.
லாரித் தண்ணீர் குடம் பத்து ரூபாய்க்கு வருகிற ஊரில்
இடம் கிடக்கத்தான் செய்யும்.

பிரசவ லீவில் போன சகுந்தலாவின் தெருக்களும்
என் தலையில் விழுந்தன. கீழக்கரை.
எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால்
ஒன்று பின்வாங்க வேண்டிய சந்து.
அதற்குள் பதினொரு அறை வீடு.
"நானும் மருமவளும்தான்.
ஆளுக்கு அஞ்சரை ரூம்," என்றார் ஆமினத்து நாச்சியா.
சிரித்துவிட்டு, சிரித்ததற்காக முக்காட்டை இழுத்துக்கொண்டார்.
மகன் ஷார்ஜாவில்.
ஒரே அறை, நாலு அடுக்குக் கட்டில்,
பகல் ஷிப்டுக்காரன் எழுந்த சூட்டிலேயே
இரவு ஷிப்டுக்காரன் படுத்துக்கொள்வான்.
அவன் அனுப்பும் பணத்தில்தான்
மாடியில் பன்னிரண்டாவது அறைக்கு
டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.
இங்கே இல்லாதவனை எழுத
என் தாளில் கட்டம் இல்லை.
பெயரை மட்டும் கேட்டுக்கொண்டேன், சும்மா.
முகம்மது ரிபாய்தீன்.

முத்துப்பேட்டையில் கித்தேரியான்
வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.
"வள்ளம் முப்பத்திரண்டடி நீளம், ஒம்போதடி அகலம்.
ஆறு பேரு.
சுத்தி கண்ணுக்கெட்டுன மட்டும் ஒரு காக்கா இல்ல.
நாங்க நெருக்கமா, விசாலமா?
அதச் சொல்லுங்க டீச்சர்."

கேட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்:
"கடல்லயும் கோடு போட்ருக்கான்.
ராத்திரில அது தெரியாது.
தாண்டிப் புடிபட்டு மன்னார்ல கெடந்தப்ப
ஒரு ரூம்ல பதினேழு பேரு.
ஒருத்தன் பொரண்டு படுக்கணும்னா
எல்லாரும் சேந்து பொரளணும்.
யாராச்சும் ஒருத்தன் குரல் கொடுப்பான்."
வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன்.
நாலு என்றார்.
எழுதிக்கொண்டேன்.

அன்றிரவு வகுத்துப் பார்த்தேன்.
ஆளுக்கு நாற்பத்தெட்டுச் சதுர அடி.
அதிலும் பாதி ஐஸ் பெட்டிக்கும் எஞ்சினுக்கும்.
சதுர கிலோமீட்டருக்கு மாற்றினால்
இரண்டேகால் லட்சத்தை நெருங்கியது.
கடலையும் பரப்பில் சேர்த்தேன்,
கால்குலேட்டர் பூஜ்யங்களாய் உதிர்த்தது.
இரண்டும் சரியான விடை.
இரண்டையும் அடித்துவிட்டுப் படுத்தேன்.

மே மாதம் அக்கா வந்தாள்,
மச்சானும் மூன்று பிள்ளைகளுமாக.
மொட்டைமாடி முழுக்கப் பாய் விரித்துக் கொடுத்தேன்.
கையைக் காலை நீட்டிப் படுங்கள்,
யாரும் யாரையும் உதைக்க வேண்டாம் என்றேன்.
சின்னவள் மாடியின் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு
ஓடிக்கொண்டே இருந்தாள்,
முட்டிக்கொள்ள எதையோ தேடுவது போல.

விடிகிற நேரம் கண் விழித்தேன்.
ஒருவர் கை ஒருவர் மேல் கிடக்க
தண்ணீர்த் தொட்டியின் மூலையில், இரண்டே பாயில்
ஆறு பேர்.
நான் எப்போது உருண்டு வந்தேன், தெரியவில்லை.
என் காதில் சின்னவளின் முழங்கால்.

மீதி மாடி முழுக்கக் காற்று.