சூடாகும்னு சொன்னேன்

பேரை பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதி வந்திருந்தாள்.
ராணிப்பேட்டை டிக்கெட்.
நீலப் பேனா, தமிழில், எழுத்துக்கூட்டி.
எங்கள் கடையில் யாரும் வாய் திறந்து கேட்காத பேர்.

ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாளாம்.
இடுப்புப் பையில் அடங்கணும்,
ஒயர் ஹெட்செட் சொருக ஓட்டை இருக்கணும்,
பன்னிரண்டாயிரத்தைத் தாண்டக் கூடாது.
மூன்றுக்கும் பதில் அந்த டிக்கெட்டில் இருந்தது.
பத்து நாளாவது தேடியிருப்பாள்.
எனக்குத் தெரியும், அவள் சரி.

"அது சூடாகும்க்கா" என்றேன்.

மே மாதம். ஆபீசர்ஸ் லைனில்
தார் செருப்பைப் பிடித்து இழுக்கிறது.
வேலூரில் சூடு என்று சொன்னால்
யாரும் ஆதாரம் கேட்பதில்லை.

பின்னாலேயே மற்றதும் வந்தது வாயில்:
கவர் கிடைக்காதுக்கா,
கிளாஸ் ஒட்ட முடியாது,
சர்வீஸுக்கு மெட்ராஸ் போவணும்.
இவை நிஜம்.
நிஜத்தைப் பக்கத்தில் நிற்க வைத்தால்
பொய்யும் அதன் தம்பி மாதிரித் தெரியும்.

கமிஷன் உண்டா என்றால், உண்டு.
முன்வரிசையில் ஒன்று போனால் நூற்றைம்பது.
அந்தக் கம்பெனி டீ ஷர்ட்டில் யுவனேஷ்
எனக்கு எதிரே நின்று விரலால் எண்ணிக் காட்டுவான்.
மாசக் கடைசியில் ஜெயசீலன் சார்
வாட்ஸாப்பில் பட்டியல் போடுவார்.
கடைசிப் பேருக்குப் பக்கத்தில் ஒரு அழுகிற பொம்மை.
இரண்டு மாதம் அந்தப் பொம்மை என்னுடையது.

ஆனால் அது மட்டும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் வந்தார்.
ஒடுகத்தூர், முனிரத்தினம்,
பூ லோடு ஏற்றும் டெம்போ.
"எது நல்லா கீதோ அதக் குடும்மா" என்றார்.
கொடுத்தேன்.
எது நல்லா இருந்ததோ அதை.

இருபதாம் நாள் டிஸ்ப்ளே உடைந்தது.
பார்ட்ஸ் வரும் என்றார்கள்.
பார்ட்ஸ் வரவில்லை, அவர் வந்தார்.
ஐந்து முறை.
ஒவ்வொரு முறையும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு,
"போட்டுக்கினே வாங்கண்ணா" என்று நான் சொல்லச் சொல்ல.
திட்டியிருக்கலாம்.
"உட்றும்மா, நீ இன்னா பண்ணுவ" என்றார்.

கடைசியில் சார் வேறு போன் கொடுத்து அனுப்பி
உடைந்ததை என் கணக்கில் எழுதினார்.
நீ வித்தது, நீயே வெச்சுக்கோ.
மாதம் ஆயிரம், எட்டு மாதம்.

இப்போது இவள்
முன்வரிசைப் போனைத் தூக்கிப் பார்க்கிறாள்.
ஊசி பட்டுத் தழும்பேறிய கட்டைவிரல்
திரையின் மேல் மூலையை எட்டப் பார்த்து
எட்டாமல் திரும்புகிறது.
"பழகிடும்க்கா."
ஓட்டை?
"இப்பல்லாம் யாருக்கா ஒயர் போடறாங்க."
அவள் பையின் ஜிப் இடுக்கில்
ஒரு வெள்ளை ஒயர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பணம் எண்ணும்போது சும்மாதான் கேட்டாள்:
"நீ இன்னா போனு வச்சிகினு கீற?"

யூனிஃபார்ம் பாக்கெட்டில் அது அதிர்ந்தது.
அம்மாவாக இருக்கும், இல்லை கடன் ஆப்காரன்.
மூலைக்கு மூலை ஒரு விரிசல்,
மேப்பில் பாலாறு மாதிரி.
அதன் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலுமாக
இரண்டு வருஷமாக எல்லாம் படிக்கிறேன்.
கீழே ஒரு விரல் அகலம் தொட்டால் கேட்காது.
மற்றபடி ஒரு நாள்கூடச் சூடானதில்லை,
போன மே மாதத்தில்கூட.

"இதேதான்க்கா" என்றேன்,
அவள் கையில் இருந்ததைக் காட்டி.
பில் மிஷின் சத்தத்தில்
அதிர்வு அவளுக்குக் கேட்டிருக்காது.

டிக்கெட்டைக் கவுண்டரிலேயே விட்டுப் போயிருந்தாள்.
பேரில் ஒரு எழுத்து தப்பு.
இந்தக் கடையில் அதைத் திருத்தத் தெரிந்தவள்
நான் ஒருத்திதான்.