ஏரியைச் சுற்றி நாற்பது லிட்டர்

கோடைக்கானல் ஏரிக்கரையில்
எங்கே சாப்பிட்டால் நல்லா இருக்கும் என்று
வண்டியை மறித்துக் கேட்கிறார்கள்.
நான் பால் ஊற்றுகிறவள்.
வில்பட்டியில் நாலு மணிக்குக் கறந்தது
டிவிஎஸ் எக்ஸெல்லின் இரண்டு பக்கமும் தொங்க
ஏழுரோட்டுக்கு வந்து சேரும்போது
கைவிரல் பத்தும் என்னுடையவை இல்லை.

ஆனாலும் சொல்கிறேன்.

போட் கிளப்புக்கு எதிரே சகாயமேரி டீக்கடை.
மூன்று லிட்டர், கடன்.
பாலுக்குப் பாதி தண்ணீர் சேர்ப்பாள், ஒளிக்கமாட்டாள்.
இஞ்சி தட்டுகிற சத்தத்திலேயே
தொண்டை திறந்துகொள்ளும்.
பதினைந்து ரூபாய்.

அடுத்த வளைவில் கண்ணாடிச் சுவர் வைத்த காப்பிக்கடை.
ஆறு லிட்டர், மாதக் கணக்கு.
நுரையின் மேல் இலை வரைகிற பையன்
மணிப்பூரிலிருந்து வந்தவன், நல்ல கை.
இருநூற்று எண்பது.
இலைக்குக் கீழே இருப்பது
அதே செவலைமாட்டுப் பால்தான்.
இலையும் வேண்டுமென்றால் அங்கே போங்கள், தப்பில்லை.
நானும் ஒருநாள் ஓசியில் வாங்கி
வரைந்ததைக் கலைக்க மனமில்லாமல்
ஆறவிட்டுக் குடித்தேன்.

டோல்மா அக்கா பால் வாங்குவதில்லை,
வாரத்துக்கு ஒருமுறை வெண்ணெய் மட்டும்.
சூப்பில் மிதக்கும் முட்டைக்கோசு மன்னவனூர்,
பூண்டு பூம்பாறை,
காரம் அவளுடையது.
மூக்கு ஒழுகினால் துடைக்கத் தாளும் தருவாள்.

சோளம் சுடுகிறவரிடம்
விசிறுகிற கையைப் பாருங்கள்,
சளைத்திருந்தால் நகர்ந்துவிடுங்கள்.
வாங்கியதை நெஞ்சோடு பிடியுங்கள்.
உங்களுக்கு முன்பே குரங்கு அதை
விலை பேசி முடித்திருக்கும்.

பஜ்ஜி, மழை விழுந்த பிறகு.
ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்,
சனிக்கிழமை எண்ணெய் அது.

அசல் திண்டுக்கல் பிரியாணி என்று
ஏழு போர்டு தொங்குகிறது.
ஏழாவதில் தயிர் நன்றாக இருக்கும்.
என் தயிர்.

சீசன் வடிந்த ஆனி மாதத்து விடியல் ஒன்று.
ஏரி இருக்கிற இடத்தில் பனி மட்டும் இருந்தது.
இரவெல்லாம் மலையேறி வந்த கார்,
விருதுநகர்க்காரர்கள்.
அறை பன்னிரண்டு மணிக்குத்தான் என்று
கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.
பின்சீட்டில் ஒரு பெண்பிள்ளை,
அழுது தீர்ந்து வெறும் விக்கல் மிச்சம்.
எல்லா ஷட்டரும் கீழே.
கொஞ்சம் சூடா ஏதாவது, எங்கே கிடைக்கும்?
வழி சொல்லத் தெரியாமல்
பின்னால வாங்க என்றேன்.

குதிரை கட்டுகிற கொட்டகைக்குப் பின்னால்
மூன்று கல், சவுக்கு விறகு, எப்போதும் ஒரு தீ.
கொள்ளு வேகவைத்த சட்டியை
ஜெயசீலன் இரண்டு தடவை கழுவினான்,
வாசனை போகவில்லை.
பால் பொங்கியது.
கேன் மூடியில் ஊற்றிக் கொடுத்தேன்.
ஊதி ஊதிக் குடித்தவள்
வெள்ளை மீசையோடு நிமிர்ந்து,
பக்கத்தில் நின்ற மட்டக்குதிரையைப் பார்த்து,
இது இதோட பாலா என்றாள்.
அம்மாக்காரி சிரித்த சிரிப்பில்
குதிரை இரண்டடி பின்வாங்கியது.
இன்னொரு மூடி.
இன்னொன்று.

எவ்வளவு என்றார் அப்பா.
பதினைந்தும் வாயில் வந்தது,
இருநூற்று எண்பதும் வந்தது.
வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டேன்.

கடைசி வாடிக்கை, மேட்டிலிருக்கும் பெரிய ஓட்டல்.
மேனேஜர் அளவுகோலை இறக்கிப் பார்த்தார்.
அரை லிட்டர் குறையுதே, புஷ்பராணி.
ஏரி குடிச்சிருச்சு சார்.
சிரிக்காமல் நோட்டில் எழுதினார்,
குறை அரை, பிடித்தம் முப்பது.

இறக்கத்தில் காலி கேன்கள் ஒன்றோடொன்று மோத
எனக்கும் பசித்தது.
நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள் என்று
நல்லவேளை யாரும் கேட்டதில்லை.
அங்கே உட்கார இடமில்லை.
கொள்ளு, கல்லுப்பு, சுட்ட வரமிளகாய் இரண்டு.
குதிரைகளுக்கு ஒதுக்கியது போக.