எதிர்மனுதாரர் எண் மூன்று

லைட் தெரு உயர்நீதிமன்றத்தில்
எனக்குப் பெயர் எதிர்மனுதாரர் எண் மூன்று.
ஒன்று பல்கலைக்கழகம். இரண்டு துணைவேந்தர்.
"உங்க மேல குற்றச்சாட்டு எதுவும் இல்லை,
பதவி உங்ககிட்ட இருக்கு, அவ்வளவுதான்"
என்றார் வழக்கறிஞர் தியோ, முதல் நாளே.
களவுபோன சைக்கிள் எவன் வாசலில் நிற்கிறதோ
அவனையும் கூப்பிடுவார்கள் இல்லையா
என்று கேட்க நினைத்தேன்.
கேட்கவில்லை.

மனுதாரர்: ரேணுகாதேவி த/பெ சின்னப்பன்.
பதினொரு வருடம் ஒரே அறை.
ஒரே கெத்தல், ஒரே சாவி,
பாலிக் பூலாவ் சதுப்பில் ஒரே சேறு முழங்கால்வரை.
நண்டு ஓடு கழற்றும் நாளை
அவள் வாசனையிலேயே சொல்வாள்.
நான் அட்டவணையைப் பார்த்துச் சொல்வேன்.

ஆவணம் ஆர்-ஏழு, மதிப்பெண் தாள்.
அவளுக்கு எண்பத்தொன்றரை.
எனக்கு எண்பத்திரண்டு.
'களப்பணிக்கான தயார்நிலை' என்ற கட்டத்தில்
ஓர் எண் அடிக்கப்பட்டு இன்னோர் எண்,
பக்கத்தில் சுருக்கொப்பம் இல்லாமல்.
அவளுடைய வழக்கறிஞர் அதைத் திரையில் பெரிதாக்கினார்.
நுண்ணோக்கியில்கூட
ஒரு கிறுக்கலை இவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை.

மனுவில் பத்தி பதினான்கு:
தேர்வுக் குழுத் தலைவர் கேட்டாராம்,
மாமியார் படுத்த படுக்கையாயிருக்க
தண்ணீர் வற்றும் நேரமெல்லாம்
சதுப்பில் போய் நிற்க முடியுமா என்று.
பல்கலைக்கழகத்தின் பதில்:
அப்படியொரு கேள்வி எழவே இல்லை.
என் பதில், பத்தி ஆறு:
'இதுகுறித்து எனக்கு நேரடியாக ஏதும் தெரியாது.'

நிஜம்தான்.
அந்த அறைக்குள் நான் இல்லை.

அன்று பிற்பகல் மூன்றே காலுக்கு
கேண்டீனில் இருந்தேன்.
மீ கோரேங் ஆறிக்கொண்டிருந்தது.
அந்தக் கேள்வியைச் சொல் பிசகாமல் சொன்னாள்,
மலாயிலேயே, அவர் குரலிலேயே,
கடைசியில் அவர் கனைத்த கனைப்பையும் சேர்த்து.
நான் சிரித்தேன்.
"இதெல்லாம் ஒரு கேள்வியா, விடு" என்றேன்.
விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

தியோவிடம் ஒருமுறை வாய்வரை வந்து சொல்லியும்விட்டேன்.
பேனாவை மூடினார்.
"உங்ககிட்ட கேட்டாங்களா?"
"இல்ல."
"கேட்டா பார்ப்போம்."

அறைக் கதவில் என் புதிய பெயர்ப்பலகை.
நாலு துளைக்கு மூன்று திருகாணி.
ஒவ்வொரு முறை கதவு சாத்தும்போதும்
ஒரு மூலை லேசாக ஆடுகிறது.
பராமரிப்புப் பிரிவுக்கு எழுதவில்லை.

அவள் ஏன் என்னைச் சாட்சிக்கு அழைக்கவில்லை?
மறந்திருக்கலாம். மறக்கிற ஆள் இல்லை.
என்னை இழுக்க வேண்டாம் என்று விட்டிருக்கலாம்.
இல்லை, இவனைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று
பதினொரு வருடத்தில் தெரிந்துகொண்டிருக்கலாம்.
இரவு இரண்டு மணிக்கு
மூன்றாவதுதான் சரியென்று படும்.

யாங் ஆரிஃப் கண்ணாடியைக் கழற்றினார்.
அடுத்த மாதம் பதினெட்டு, காலை ஒன்பது.
எழுந்தோம், குனிந்தோம்.

வெளியே மழை.
பாடாங் கோத்தா பக்கம் கடல் இருப்பதே தெரியவில்லை.
வழக்கறிஞர்கள் கார் எடுக்கப் போயிருந்தார்கள்.
ஒரு தூணுக்கு அந்தப் பக்கம் அவள்,
இந்தப் பக்கம் நான்,
இருவர் கோப்பின்மேலும் பிளாஸ்டிக் பை.
மழையைப் பார்த்தபடியே கேட்டாள்:
"மூணாம் தொட்டியில உப்பு எவ்வளவு?"
"இருபத்தெட்டரை."
யோசிக்காமல் வந்தது,
அரையும் விடுபடாமல்.
"கொறைச்சல். சென நண்டு தாங்காது.
கடல்தண்ணி ஊத்துங்க."

கார் வந்தது. போய்விட்டாள்.

ஊத்துங்க.

பதினொரு வருடமாக
அது வெறும் ஊத்துதான்.