இரண்டு விரல் மிச்சம்

வாடகைக் கில்ட்டுக்குக் கட்டிய அபராதம்
முப்பத்தெட்டு பவுண்டு.
சித்தியின் கல்யாணத்தில்
கேக் வெட்டுவதற்கு முன்பே
தேவாலயப் புல்சரிவில் லாக்லன்
பின்பக்கமாய்ச் சறுக்கினான்,
ஏழு முறை.
எட்டாவது முறைக்குத் துணி சம்மதிக்கவில்லை.

ஆகவே இந்தத் தடவை நானே.

உல்லாப்பூல் துறைமுகத்தில்
வலை பழுதுபார்ப்பவன் நான்.
ஊசி எனக்குப் புதிதல்ல.
ஆனால் வலை என்பது
ஓட்டைகளை ஒழுங்காகக் கட்டிவைப்பது.
இங்கே ஓட்டையே கூடாது.
முதல் இரவு கை குழம்பித்தான் போனது.

கம்பளி வேண்டாம்.
படகுக்கூரைக்கு வாங்கி மிஞ்சிய
முரட்டுப் பருத்தி இருந்தது, ஈரமணல் நிறத்தில்.
"கட்டமே இல்லையே, எந்தக் குலம் இது?"
என்றார் கீழ்வீட்டு மக்காஸ்கில்.
சேற்றுக் குலம் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

அளவுக்கு நிற்கமாட்டான்.
தூங்கும்போது எடுத்தேன்:
இடுப்பிலிருந்து முழங்கால் நடு வரை
என் கையால் ஒரு சாண், நாலு விரல்.
அடுத்த வருஷத்துக்கென்று
இன்னும் இரண்டு விரலை
விளிம்புக்குள் மடித்து ஒளித்தேன்.

பின்னால் பதினாறு கொசுவம் என்று கணக்கு.
பதினைந்துதான் தேறியது.
தடித்த துணி ஒன்றைத் தின்றுவிட்டது.
மெஷின் ஊசி மூன்று முறிந்தது.
நாலாவதாக வலைநூலையே கோத்துக் கையால் தைத்தேன்;
வார் பிடிக்கும் இடங்களில் மட்டும்
ஒரு சதுரம், அதற்குள் ஒரு பெருக்கல் குறி.
லாரிக்குப் பாரம் கட்டுகிற பட்டையில்
நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

முன்மடிப்பில் குத்தும் கில்ட் ஊசிக்கு
இஷ்பெல் தடை போட்டாள்.
"மூக்கில் விட்டுக்கொள்வான்."
காற்றில் தூக்காமலிருக்க
பித்தளை வலைவளையம் ஒன்றை
உள்ளே வைத்து மூடினேன்.
நடந்தால் தொடையில் மெல்ல இடிக்கும்.
அது அவனுக்குப் பிடித்திருந்தது.

இடுப்பின் முன்னே தொங்கும் பைக்கு
மைத்துனனின் பழைய வெல்டிங் கையுறை.
உள்ளங்கை பையானது,
விரல்களில் மூன்று குஞ்சமாயின,
கட்டைவிரல் இன்னும் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது.
முதல் நாளே நிரப்பிவிட்டான்:
பாதி பிஸ்கட், பஸ் டிக்கெட்,
உயிரோடிருக்கும் ஒரு நண்டு.

சாக்ஸில் செருகப் பெரியவர்களுக்குச் சிறுகத்தி.
இவனுக்குக் கேரட்.
அணிகலன்களில் அது ஒன்றுதான்
மதியம் வரை தாங்கவில்லை.

மற்றதெல்லாம் தாங்கியது.
கடற்பாசி, டிராக்டர் கிரீஸ்,
என் மேலங்கிகளோடு அறுபது டிகிரி வெந்நீர்ச் சலவை,
மக்காஸ்கிலின் நாய்.

புதன்கிழமை மழலைப் பள்ளியிலிருந்து வந்தான்
மழைக்கோட்டு, ஜட்டி,
பின்னால் ஆடிக்கொண்டு
ஒரு பச்சை டைனோசர் வால்.
"ஸீனாவோடு மாத்திக்கிட்டேன்" என்றான்,
நல்ல வியாபாரம் முடித்தவன் குரலில்.

வாலைக் கையில் பிடித்துக்கொண்டு
குன்றேறிப் போனேன்.
ஊரே பார்த்தது.
ஸீனா அவர்கள் வீட்டுக் கேட்டின் கொக்கியில்
தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள்.
ஏறப்போய் வார் மாட்டிக்கொண்டதாம்.
அழவில்லை. ஆடிக்கொண்டிருந்தாள்.
நான் முதலில் பார்த்தது
குழந்தையை அல்ல, தையலை.
இதை இஷ்பெலிடம் சொல்லவில்லை.
ஒரு நூல் பிரியவில்லை.

இறக்கிவிட்டேன்.
முழங்காலுக்கு மேலே நின்றது கில்ட்;
லாக்லனைவிட உயரம் அவள்.
கை தானாகவே போய் அளந்தது:
ஒரு சாண், ஆறு விரல்.

கேட்பதற்கு வாயெடுத்தேன்.
அவள் வாலை வாங்கவில்லை.
"அது அவனோடது" என்றாள்.
வாலோடு திரும்பி இறங்கினேன்.

இப்போது அவன் குப்புறத் தூங்குகிறான்,
வாலைக் கட்டிக்கொண்டு.
மேஜையில் மீதித் துணி விரித்திருக்கிறது,
இன்னொரு கில்ட்டுக்குப் போதும்.
நாளை மறுபடி குன்றேறினால்
கையில் சிறு கத்தரி இருக்கும்,
அவள் விளிம்பைப் பிரித்துவிட.

மக்காஸ்கில் கதவைத் தட்டுகிறார்.
அவர் பேரனுக்கு ஐந்து வயதாம்.
"கட்டம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்கிறார்,
என்னைப் பார்க்காமல்.