அடுத்துக் குடிவருபவருக்கு

சாவியைச் சற்று மேலே தூக்கித் திருப்புங்கள்.
மற்றதெல்லாம் வீட்டுக்காரர் சொல்லியிருப்பார்.
அவர் சொல்லாததை எழுதுகிறேன்.

ஜூலையில் குளிர்நீர்க் குழாயிலும்
வெந்நீர்தான் வரும்.
கார் ஸ்டீயரிங்கைத் தொட
இருக்கைக்கடியில் ஓர் அடுப்புக் கையுறை வேண்டும்.
சிரிக்காதீர்கள். நானும் சிரித்தேன்,
உள்ளங்கை கொப்பளிக்கும் வரை.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று
டூசானில் யாரும் சொல்லிக்கொண்டிருப்பதில்லை.
கடை வாசல் காலியாகக் கிடக்க
முந்நூறு அடி தள்ளி
ஒற்றை மெஸ்கீட் மரத்தடிக்குச்
சண்டை போடுகிறார்கள்.

செருப்பை உதறிப் போடுங்கள்.
இரண்டாம் இழுப்பறையில் ஊதா விளக்கு இருக்கிறது.
அதை அடித்தால்
சுவரில் தேள்கள் பச்சையாக ஒளிரும்.
முதல் இரவு பதினொன்று எண்ணினேன்.
பிறகு விளக்கை எடுப்பதில்லை.

முற்றத்துச் சகுவாரோவுக்கு இன்னும் கை முளைக்கவில்லை.
அறுபது எழுபது வருடம் பிடிக்குமாம்.
பாவமாக இருக்கிறதே என்று தண்ணீர் ஊற்றினேன்.
பக்கத்து வீட்டு ஒஃபீலியா புஸ்தமாந்தே
வேலிக்கு மேலாகக் கத்தினாள்,
அதைக் கொல்லப் பார்க்கிறாயா என்று.
அதற்குப் பிறகுதான் நாங்கள் சிநேகிதிகள்.

‘வறண்ட வெயில்தானே, உறைக்காது.’
எதிர்வீட்டு வெண்டல் ப்ரூகாப்
இதைச் சொல்லாத நாளில்லை.
நெப்ராஸ்காவில் பாலங்களுக்குப் பெயின்ட் அடித்தவர்.
மாலை ஏழு மணிக்கு,
குழந்தைகள் குளிக்கும் நீலத் தொட்டியில்
இரண்டு காலையும் வைத்துக்கொண்டு
ரேடியோவில் பேஸ்பால் கேட்பார்.

என் மூன்றாவது ஜூலையில்
அவர் வாசலில் ஒரு செய்தித்தாள் கிடந்தது.
மறுநாள் இரண்டு.
லெமன் மலைக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன்.
மேலே பைன் மரங்கள், காற்று,
எல்லோரும் போவதுதான்.
மறுநாள் மூன்று.
வேலைக்குப் போனேன். திரும்பி வந்தேன்.
தபால்காரர்தான் கதவைத் தட்டியிருக்கிறார்.

கூரைமேல் குளிரூட்டி ஞாயிறே நின்றுபோயிருந்தது.
பழுதுபார்ப்பவர் வியாழன் வருவதாகச் சொன்னாராம்.
வியாழன் வந்தார்.
ஏணியை எங்கே சாத்துவது என்று
என்னிடம் கேட்டார்.

இப்போது அந்த வீட்டில் லோர்னா பெனாலி இருக்கிறாள்.
நர்ஸ், இரவுப் பணி.
ஜன்னலுக்கெல்லாம் அலுமினியத் தாள் ஒட்டிப்
பகலில் தூங்குவாள்.
அவள் எண் ஃப்ரிட்ஜ் கதவில்.
உங்கள் எண்ணை அவளுக்குக் கொடுங்கள்,
பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே.
தட்டினால் எரிச்சல் படுவாள். தட்டுங்கள்.

மழை வரும். நம்ப மாட்டீர்கள், வரும்.
முதலில் க்ரியோசோட் புதர் மணக்கும்,
தாரும் மிளகும் நனைந்தாற்போல.
தெருக்கோடி மணல் ஓடையில்
வருடமெல்லாம் பிள்ளைகள் சைக்கிள் விடுவார்கள்.
அன்று அது ஆறு.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றால் போதாது,
சக்கரத்தையும் விடாதீர்கள்.
நடுவில் மாட்டிக்கொண்டால்
மீட்ட செலவை உங்களிடமே வசூலிக்கச்
சட்டம் இருக்கிறது இங்கே.

குப்பைத் தொட்டியை இரவே வெளியில் வைக்காதீர்கள்.
ஜாவலீனாக்கள் வரும், குடும்பத்தோடு.

வெயில் தாங்காமல் போகிறேன் என்று
ஒஃபீலியா சொன்னால் நம்பாதீர்கள்.
டுலூத்தில் என் அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.
அங்கே இப்போது தொடையளவு பனி.
வாசலில் செய்தித்தாள் கிடந்தாலும்
தெரியாது, மூடிவிடும்.

நீலத் தொட்டி பின்வாசலில் இருக்கிறது.
யாரும் கேட்கவில்லை, எடுத்து வந்துவிட்டேன்.
ஓட்டை இல்லை.
ஏழு மணிக்கு அந்தப் பக்கம்
நிழல் விழும்.

மார்லிஸ்