கடைசியாகக் கேட்டது

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை
ஒரு கிறீச்சல்.
துருப்பிடித்த கீலை யாரோ
திறந்து உடனே மூடினாற்போல்.
அதற்குள்
அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், போகும் திசை,
ஓர் அழைப்புக்குறி, அதன் வாலில் ஒன்பது.
ஒன்பது என்றால் வண்டி.
பனி வாரும் மஞ்சள் வண்டி.
ஓட்மூன்.

வாட்சோவிலிருந்து வார்டோ வரைக்கும்
ஒரு பக்கம் கடல்,
மறுபக்கம் மரம் முளைக்காத மேடு.
காற்று முற்றினால் சாலைக் கம்பியை இறக்கிவிடுவார்கள்.
காத்திருந்த கார்கள் அவன் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு
வாத்துக்குஞ்சுகளாய்ப் போகும்.
குஞ்சுகள் என் வரைபடத்தில் தெரியாது.
அவன் மட்டும் தெரிவான்,
ஒரு சின்ன லாரிப் படமாக.

வளைவில் அடிக்கடி பேசும் அவன் கருவி
நேர்சாலையில் வாயடைத்துக்கொள்ளும்.
ஆளும் அப்படித்தான்.

பதினொரு குளிர்காலமாக நாங்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.
காரணம் கேட்டால் சிரிப்பீர்கள்.
மறு ஒலிபரப்புக் கம்பத்தை
எந்த மலையில் நடுவது என்று கழகத்தில் வாக்கெடுப்பு.
ஒரு வாக்கில் நான் வென்றேன்.
"அந்த உச்சியில் உப்புப்பனி பிடிக்கும், கூரோ"
என்று சொல்லிவிட்டுத்
தன் காப்பிக் குடுவையை எடுத்துக்கொண்டு போனவன்தான்.
அன்றிலிருந்து அவன் சொல்வதையெல்லாம்
என் மலை கேட்டுத் திருப்பிச் சொல்கிறது,
என் சமையலறைப் பெட்டி அதை வாங்கி
இணையத்தில் ஏற்றுகிறது.
லிஸ்பனில் இருப்பவனும் பார்க்கலாம்
ஓட்மூன் இப்போது மணிக்கு முப்பத்தோரு கிலோமீட்டரில்
கிழக்கே போகிறான் என்று.
நான் பார்ப்பதில்லை.
அடுப்புக்குப் பக்கத்தில் திரை இருக்கிறது, அவ்வளவுதான்.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி
ஸ்கால்எல்வ் தாண்டியதும் லாரி நின்றது.
கடைசியாகக் கேட்டது: 02.14.
02.30க்கும் அதே 02.14.
மூன்று மணிக்கும் அதே.

மௌனத்துக்கு அழைப்புக்குறி கிடையாது.
பள்ளத்தில் கவிழ்ந்தவன் மௌனமா,
என் கம்பத்தின் மௌனமா,
திரை சொல்லாது.
சாலைக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன்.
இசை.
இசைக்கு நடுவில் காத்திருக்கச் சொல்லும் ஒரு குரல்.
வைத்துவிட்டேன்.

பனி ஸ்கூட்டர், தலைவிளக்கு, ரப்பர் சுத்தியல்.
உச்சியில் கம்பம் இருந்த இடத்தில்
என் தொடை பருமனில் ஒரு வெள்ளைத் தூண்.
நாக்கில் பட்டது. உப்பு.
அவன் சொன்னது சரிதான் என்று
அந்த மலையில், அந்த நேரத்தில், காற்றிடம்கூடச்
சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
அடித்தேன்.
பாளம் பாளமாக விழுந்தது,
ஒன்று என் பூட்ஸின் மேல்.

நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தால்
லாரி கீபெர்க் அருகே.
இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே
வரைபடம் ஒரு நேர்கோடு இழுத்திருந்தது.
கரையெல்லாம் வளைந்து வளைந்து போக
கோடு மட்டும் கடல்மேல்.
ஒன்றரை மணி நேரம் இவன்
குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு
தண்ணீர்மேல் நடந்தானாம்.
அந்த நேரத்தில் அவன் கருவி சொன்னதெல்லாம்
போனது போனதுதான்.
யாரும் எடுத்துவைக்கவில்லை.

ஒன்றைத் தவிர.
செய்தி என்றால் அது
பெற்றுக்கொண்டேன் என்ற சொல் வரும்வரை
திரும்பத் திரும்பக் கதவைத் தட்டும்.
எத்தனையாவது தட்டலோ, என் பெயருக்கு வந்திருந்தது:

உன் மலை ஊமையாகிவிட்டது. பனியா?

அறுபத்தேழு எழுத்து வரை அனுப்பலாம்.
பாதிகூட அவனுக்குத் தேவைப்படவில்லை.
அந்தக் கேள்விக்குறியைக்
குத்தலாகவும் படித்தேன்,
இன்னொரு விதமாகவும் படித்தேன்.
என்ன எழுதுவது என்று
ஈரக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே
பெட்டி என்னைக் கேட்காமல்
பெற்றுக்கொண்டேன் என்று அனுப்பிவிட்டது.

அது அதன் வழக்கம்.
அவனுக்கும் தெரியும் அது இயந்திரம் என்று.

லாரி வார்டோ சுரங்கத்துக்குள் இறங்கியது.
கடலடியில் கிறீச்சல் எட்டாது.
கால் பெருவிரல் வீங்க ஆரம்பித்திருந்தது.
அது மறுபுறம் ஏறி வரும்வரை
விசைப்பலகையில்
பனிதான்
என்று அடித்துவைத்து
அனுப்பாமல்
உட்கார்ந்திருந்தேன்.